புதுப்பிப்பு: சூடானால் ஸ்டார்ட் ஆகாத போட் என்ஜின், காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் ஃபைபர் படகின் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு என்ஜின் காலையில் உடனே கிளம்பிவிடும்; வலை போட்டுவிட்டுக் கால் மணி நேரம் நிறுத்தினால் மறுபடி பிடிக்காது, நன்றாக ஆறினால்தான் பிடிக்கும். பலரும் ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலைச் சொன்னீர்கள். சூட்டில் காயில் மக்கர் செய்வது உண்டுதான், ஆனால் இங்கே அது இல்லை.

அடம்பிடித்த நேரத்திலேயே மூடியைத் திறந்து, பெட்ரோல் ஆவி போகக் கொஞ்சம் விட்டு, ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்த்தோம். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தது. பிளக்கோ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சரி, பெட்ரோல் வராமல் இல்லை, அதிகமாக வருகிறது.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால், அதன் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வின் கூம்பு முனையைச் சுற்றி நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையத் தேய்மானம். ஓடும்போது கசியும் பெட்ரோலை என்ஜினே குடித்துவிடுகிறது. நிறுத்தியதும் குளிர்விக்கும் தண்ணீரும் நின்று, சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்குகிறது. குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் பெட்ரோலைத் தேய்ந்த வால்வும் உள்ளே விடுகிறது. நீடிலையும் அது போய் உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்றி, நீடிலை ஏற்றி இறக்கும் மிதவையின் உயரத்தைச் சரிசெய்தோம். நேற்று உச்சி வெயிலில் நிறுத்தி நிறுத்தி எடுத்தும் ஒரே இழுப்பில் பிடித்தது, அவ்வளவு நிம்மதி!

நடுக்கடலில் இப்படி மாட்டினால் காற்றை அடைக்கும் சோக்கை இழுக்காதீர்கள், பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பம்ப் பல்பையும் அமுக்காதீர்கள். நியூட்ரலில் முடிந்தவரை த்ராட்டிலைத் திறந்துவைத்து இழுங்கள், பிடித்ததும் உடனே குறையுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.