பகலெல்லாம் கட்டுப்பாடு, இரவெல்லாம் பசி: எடை குறைக்க முயன்றவர்கள் எழுதுங்கள்

வயது 44, கணக்குப் பிரிவில் வேலை

பதினோரு ஆண்டுகளாக எடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டுதான் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதே பிடிபட்டது. அதைப் பகிர்ந்துகொண்டு, உங்கள் கதைகளையும் கேட்க விரும்புகிறேன்.

என்னைச் சோதித்த உணவியல் நிபுணர் என் எடையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "நேற்று மதியம் வரை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "ஒரு காபி மட்டும்தான்" என்றேன், பெருமையாகவே. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, மூன்று நாட்கள் எதையும் மாற்றாமல், என்ன நேரத்தில் என்ன சாப்பிட்டேன், அப்போது எவ்வளவு பசித்தது என்பதை மட்டும் எழுதி வரச் சொன்னார்.

எழுதிப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சி. நாள் முழுவதும் நான் சாப்பிட்டதில் பாதிக்கும் மேல், மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்தரைக்குள் உள்ளே போயிருந்தது. சமைக்கும்போது ஒரு கை, பரிமாறும்போது ஒரு வாய், எல்லாரும் தூங்கிய பிறகு பிஸ்கட் பாக்கெட். ஒவ்வொரு இரவும் "எனக்கு மன உறுதியே இல்லை" என்று அழுதுகொண்டே படுத்திருக்கிறேன். மறுநாள் காலை, அதற்குத் தண்டனையாக மீண்டும் பட்டினி.

அப்போது அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிவியலாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் குறைந்த உணவு கொடுத்துக் கவனித்தார். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைத் தேடிச் சேகரித்தவர்கள் உண்டு. எரிச்சல், சோர்வு, எதிலும் மனம் ஒட்டாமை. இத்தனைக்கும் அவர்கள் மனமுவந்து முன்வந்த, திடமான ஆண்கள். நானோ வீட்டையும் அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டு 1,200 கலோரி என்று எனக்கு நானே விதித்திருந்தேன்! 1,570 என்று கேட்டதும் நிபுணரின் மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். இத்தனை ஆண்டுகளாக என் குணத்தின் குறை என்று நான் நினைத்தது, பட்டினி கிடக்கும் எந்த உடலும் செய்யும் வேலை.

மாற்றியது கொஞ்சம்தான். காலையில் இரண்டு முட்டை, கூடவே பயறோ தயிரோ. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. காலை உணவில் மட்டும் 20 கிராமுக்கு மேல் வரவேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட இலக்கு. மதியத் தட்டில் பாதி காய்கறி. மாலை நாலரைக்கு, பசிக்கிறதோ இல்லையோ, ஒரு பழமும் ஒரு கைப்பிடி கொட்டைகளும். இந்த நாலரை மணிச் சிற்றுண்டிதான் என் இரவுகளைக் காப்பாற்றியது. முதல் மாதம் எடை அசையவே இல்லை, ஆனால் இரவில் அடுக்களைக்குள் நடப்பது நின்றது. எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. வேகம் போதாது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். முந்தைய முறைகளில் குறைந்த எடை எல்லாம் ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

வயது 27

அக்கா, பட்டினி எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். எனக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். "எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவர் விடாமல் எல்லாரும் சொன்னார்கள். எப்படிக் குறைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. திரவ உணவு மட்டும் என்று ஆறு வாரம் இருந்தேன். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததும் வானத்தில் மிதந்தேன். அதில் பெரும்பங்கு நீர் என்பது பின்னால்தான் தெரிந்தது: உடலில் சேமித்து வைத்த சர்க்கரை கரையும்போது, அதோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது.

மூன்றாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. புது நோய் என்று பயந்து மருத்துவரிடம் ஓடினேன். கடுமையான உணவுக் குறைப்பு நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது வழக்கமான ஒன்று, சரியாகச் சாப்பிட்டால் திரும்ப வளரும் என்றார். என் வாழ்க்கையை மாற்றிய இன்னொன்றையும் அவரே சொன்னார். இந்தப் பிரச்சினை உள்ள பலருக்கு, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்குமாம். அப்போது என் எடை 80 கிலோ. அதாவது நான்கு கிலோ! நான் 25 கிலோ குறைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன்பே தோற்றுக்கொண்டிருந்தேன்.

நான்கு கிலோ குறைய ஐந்து மாதம் ஆனது. இப்போது முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது.

வயது 36, செவிலியர்

இரவுப் பணி பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன், எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வருபவளிடம் "காலை உணவைத் தவிர்க்காதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எது காலை?

என் எடை ஏறியதற்குக் காரணம் தூக்கமும் டீயும். தூக்கம் குறைந்தால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகரித்து, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு நாக்கு இனிப்பைத் தேடுவது ஏன் என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு பணிநேரத்தில் ஐந்து கோப்பை டீ குடிப்பேன், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 40 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம். டீயிலேயே அதைத் தாண்டிவிட்டேன்.

வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். நள்ளிரவு பன்னிரண்டுக்கு முன்பே வீட்டிலிருந்து கொண்டுபோன முழு உணவைச் சாப்பிட்டுவிடுகிறேன். பகலில் கனமான திரை போட்டு, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஏழு மணிநேரம் தூங்குகிறேன். இதற்கு வீட்டில் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டேன்.

வயது 31

கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே எடை குறைக்க முயன்று, தலைசுற்றி விழுந்தவள் நான். பாலூட்டும்போது உடலுக்கு ஒரு நாளைக்கு 400, 500 கலோரிவரை கூடுதலாகத் தேவைப்படும் என்பதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற ஆறாவது வாரமே பழைய உடை பொருந்தவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். நான் இப்போது செய்வது ஒன்றுதான்: நின்றுகொண்டே பிள்ளையின் மிச்சத்தைச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

வயது 53

தங்கைகளே, என் வயதில் கணக்கே வேறு. மாதவிடாய் நின்ற பிறகு, எடை அவ்வளவாகக் கூடாமலேயே இடுப்பு பெருத்தது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது. அதோடு, முப்பதைத் தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசையும் கரைகிறது. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் அந்தத் தசை இன்னும் வேகமாகப் போகும். அதனால் எடை இயந்திரத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, அளவுநாடா வைத்துக்கொண்டேன். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. தொடங்கியபோது தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள்தான். இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 88க்கு வந்தது. கிலோவில் இரண்டுதான் வித்தியாசம்.

தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் கணிசமானது நீரும் உப்பும். எனக்கு மாத்திரை தொடங்கியதும் இரண்டு கிலோ இறங்கியது, அதற்குமேல் இறங்கவில்லை.

செவிலியர் தங்கைக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு மாத்திரையைப் போடாமல், இனிப்பையே படிப்படியாகக் குறைத்தாயே, அதுதான் சரி. எடையைக் கட்டுப்படுத்த அந்த மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது.

வயது 41

இதுவரை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். என் மகளுக்குப் பதினான்கு வயது. சென்ற ஆண்டு ஒருநாள் இரவு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் இன்று நல்ல பெண்ணாக இருந்தேன், மதியமும் சாப்பிடவில்லை" என்றாள். அது அப்படியே என் வாக்கியம். கண்ணாடிமுன் நின்று வயிற்றைக் கிள்ளிக்கொண்டே நான் பல வருடம் சொன்னது.

எடை வேகமாகக் குறைவது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது, மாதவிடாய் நின்றுபோவது, எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம், அது தவறு. மருத்துவரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து பார்த்துத்தான் அவள் மீண்டுவருகிறாள். வீட்டில் இப்போது "நல்ல உணவு", "கெட்ட உணவு" என்ற பேச்சு கிடையாது. என் உடலைப் பற்றி அவள் காதுபட நான் குறை சொல்வதில்லை. மருத்துவர் சொன்ன அளவைத்தான் நானும் சாப்பிடுகிறேன், அவள் பார்க்கும்படி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து.

வயது 44, கணக்குப் பிரிவில் வேலை

தங்கை, உங்கள் மகள் நன்றாக இருக்கவேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் பக்கத்தின் ஓரத்தில் "இன்று மோசம்" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அன்று நான் சாப்பிட்டிருந்தது இரண்டு துண்டு ரொட்டி.