டன்கர்க் 1940: சிறு படகுகள் கரையோரம் செய்த வேலை எது?

மணல்திட்டு கேட்கிறார்:

பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் ஜெர்மன் படையிடம் சிக்கிக்கொண்ட பிரிட்டிஷ், நேச நாட்டுப் படையினரைக் கடல்வழியாக மீட்டதில் (மே 26 – ஜூன் 4, 1940), சிறு படகுகள்தான் அவர்களை இங்கிலாந்தில் கொண்டுபோய் இறக்கின என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மீட்கப்பட்டவர்கள் மொத்தம் 3,38,226 பேர். முப்பது, நாற்பது அடிப் படகுகளை வைத்து இது நடக்குமா? எனக்குக் கணக்கு இடிக்கிறது. அவை எங்கே நின்று என்ன செய்தன, எதனால் பழுதாகி நின்றன? கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம்:

இடிக்கத்தான் செய்யும். ஏறிய இடத்தை வைத்துப் பிரித்தால் துறைமுகத்திலிருந்து 2,39,555 பேர், மணற்கரையிலிருந்து 98,671 பேர். துறைமுகக் கணக்கில் பெரும்பங்கு கிழக்கு அலைத்தடுப்பினுடையது, அதாவது துறைமுகத்தை அலையிலிருந்து காக்கக் கடலுக்குள் நீண்டிருந்த கட்டுமானத்தினுடையது. ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான நீளம், கான்கிரீட் தூண்கள், மேலே குறுகிய மரப்பலகை நடைபாதை. கப்பலை அணைத்து நிறுத்துவதற்காகப் போட்டதே இல்லை. கரையில் பொறுப்பிலிருந்த கேப்டன் டென்னன்ட் 27ஆம் தேதி இரவு 'குயின் ஆஃப் தி சேனல்' என்ற பயணிகள் கப்பலை அங்கே அணைக்கச் சொல்லிப் பார்த்தார். சுமார் 950 பேர் ஏறினார்கள். பிறகு நாசகாரிக் கப்பல்களும் (வேகமான போர்க்கப்பல்கள்) அங்கேயே வந்து அணைந்தன.

தூரத்தையும் பாருங்கள். இங்கிலாந்தின் டோவரிலிருந்து மூன்று வழிகள்: இசட் 39 கடல்மைல், எக்ஸ் 55, ஒய் 87. இசட் வழி கலே பக்கத்து ஜெர்மன் பீரங்கிகளுக்கு எட்டும் தூரத்தில் போனது. எட்டு நாட் (மணிக்கு எட்டுக் கடல்மைல்) வேகப் படகுக்கு எக்ஸ் வழியில் ஒரு பக்கம் போகவே ஏழு மணி நேரம் பிடிக்கும். அதனால் பெரும்பாலான சிறு படகுகளின் வேலை மணலுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருந்த ஒரு மைல்தான். அந்த ஒரு மைலைக் கடத்திவிடப் படகு இல்லாவிட்டால் கரையில் நின்றவர்களுக்குக் கப்பல் வெறும் காட்சிதான்.

அமரம்:

அந்த ஒரு மைலைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். டன்கர்க்கிலிருந்து பிரே-டியூன், லா பான் வரை கடற்கரை மிக மெல்லச் சரியும். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 5 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நாசகாரி கிட்டே வர முடியாது, வெளியே நிற்கும். முதலில் அதன் சொந்த வள்ளங்களை (சிறு துடுப்புப் படகுகளை) இறக்கினார்கள். 27 அடி வள்ளத்தில் நெருக்கி ஏற்றினால் 25 பேர். 600 பேர் என்றால் 24 நடை, துடுப்புப் போட்டுப் போய்வர ஒரு மணி நேரமாவது ஆகும். மோட்டார் படகு வந்தபின் இரண்டு மூன்று வள்ளங்களைக் கோத்து இழுத்தார்கள். மோட்டார் படகின் பெரிய உதவி இந்த இழுப்புதான்.

கரையை அணையும் முறை: கொஞ்சம் வெளியிலேயே அமரத்திலிருந்து (படகின் பின்புறம்) சிறு நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே அணியம் (முன்புறம்) மணலைப் பார்க்கப் போக வேண்டும். ஆள் ஏறியதும் அதே கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்து வெளியேற வேண்டும். கயிறு தொய்ந்தால் நேராகப் புரொப்பெல்லரில் சுற்றும். தண்ணீரில் மிதந்த வடத் துண்டுகளும் சிப்பாய்களின் கனத்த மேலங்கிகளும் இதே வேலையைச் செய்தன. சுற்றிவிட்டால் ஒருவர் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கத்தான் வேண்டும். கரையை ஒட்டி எஞ்சினை ஓட்டினால் குளிர்விக்கும் தண்ணீரோடு மணலும் உள்ளே ஏறும். குழாய் அடைத்து எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

அடுத்தது தரைதட்டுவது. காலியாக மிதக்கும் படகு இருபது பேர் ஏறியதும் மணலில் உட்காரும். கொஞ்சம் பேரை ஏற்றி, தள்ளி, மறுபடி ஏற்ற வேண்டும். வற்றம் இறங்கும் நேரத்தில் இதில் தவறினால் ஏற்றம் திரும்பும்வரை படகு அசையாது. நனைந்த உடுப்போடு எல்லோரும் ஒரே பக்கம் விளிம்பைப் பிடித்து ஏறினால் கவிழும். 31ஆம் தேதி காலை கரையை நோக்கிக் காற்று அடித்தது, அலையில் பல வள்ளங்கள் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தன.

இன்னொரு இழப்பு, ஆட்கள் கப்பலில் ஏறியதும் வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டது. கூடவே ஒரு மாலுமியை இருத்தாத வள்ளங்கள் ஆளில்லாமல் மிதந்து போயின. ஆயிரக்கணக்கானோர் கரையில் நிற்க, நல்ல வள்ளங்கள் சும்மா மிதந்தன என்பதை இன்றைக்குப் படித்தாலும் மனசு ஆறவில்லை.

வற்றத்தில் லாரிகளை வரிசையாகக் கடலுக்குள் ஓட்டி நிறுத்தி, மணல்மூட்டை நிரப்பி, மேலே பலகை பரப்பித் தற்காலிகத் துறையும் அமைத்தார்கள். காற்றில்லாத நேரத்தில் படகை அதில் அணைக்க முடிந்தது.

மணல்திட்டு:

நன்றி, இப்போது பிடிபடுகிறது. படகின் சொந்தக்காரர்களே ஓட்டிப் போனார்களா? ஒரே படகில் நூற்றுக்கு மேல் ஏற்றியதாகச் சொல்வது உண்மையா?

நங்கூரம்:

சிலர்தான் போனார்கள். பெரும்பாலான படகுகளைக் கடற்படை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஓட்டத் தன் ஆட்களை ஏற்றியது. கூடப் போன பொதுமக்கள் டி.124 படிவத்தில் கையெழுத்திட்டு ஒரு மாதத்துக்குக் கடற்படை வேலையில் சேர்ந்தார்கள். தேம்ஸ் ஆற்றுப் படகுகள் இங்கிலாந்துத் துறைமுகமான ஷியர்னெஸ்ஸில் சேர்ந்து ராம்ஸ்கேட் துறைமுகம் வழியாகக் கடந்தன; ஆற்றை விட்டு வெளியே வராத பல படகுகளில் திசைகாட்டிகூடக் கிடையாது.

நூற்றுக்கு மேல் ஏற்றியது உண்மை. டைட்டானிக்கில் உயிர்தப்பிய அதிகாரி லைட்டாலர் தன் 58 அடி 'சன்டவுனரை' மகனையும் ஒரு கடல் சாரணரையும் கூட்டிக்கொண்டு தானே ஓட்டிப்போய், ஜூன் 1 அன்று சுமார் 130 பேரை ராம்ஸ்கேட்டில் இறக்கினார். முதலில் கீழ்த்தட்டை நிரப்பினார், பிறகு மேலே ஏறியவர்களைப் படுக்கச் சொன்னார். மேலே பாரம் எழுந்து நின்றால் அந்த நீளப் படகு தாங்காது.

அமரம்:

இங்கிலாந்தின் லீ-ஆன்-சீ ஊரின் மட்டி அள்ளும் படகுகளைச் சேர்க்காமல் விட மனமில்லை. ஆறு படகுகள் 31ஆம் தேதி போயின, ஓட்டியவர்கள் அந்த மீனவர்களே. மணல்திட்டில் உட்கார்ந்து எழும்பவே கட்டிய ஆழம் குறைந்த படகுகள், அந்தக் கரைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. திரும்பும் வழியில் 'ரினௌன்' படகின் எஞ்சின் நின்றது. 'லெட்டீஷியா' அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஜூன் 1 விடிவதற்கு முன் 'ரினௌன்' கண்ணிவெடியில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள்.