பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தில் வீகன் உணவு

கேள்வி: பால், நெய், தயிர் எதையும் தொடாத நண்பர் ஒருவரை லால்பாக் சாலையில் உள்ள எம்.டி.ஆர். உணவகத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். அங்கே அவர் எதைச் சாப்பிடலாம்?

பதில் 1: 1924இல் தொடங்கிய சைவ உணவகம்தானே என்று நம்பிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் அரிசித் தட்டுப்பாட்டில் அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் ரவா இட்லியின் மாவிலேயே தயிர் இருக்கிறது. தோசையோடு உருக்கிய நெய் சிறு கிண்ணத்தில் வரும்.

பதில் 2: அரிசி இட்லி பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், சட்னியில் தயிரும் சாம்பார் தாளிப்பில் நெய்யும் சேர்ந்துள்ளனவா என்று பரிமாறுபவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கன்னடத்தில் ‘துப்பா பேடா’ என்றால் நெய் வேண்டாம் என்று பொருள், தயிருக்கு ‘மொசரு’.

கேட்டவர்: மிக்க நன்றி. காபி?

பதில் 2: பால் சேர்க்காத டிகாஷனைக் கேட்டுப் பாருங்கள், கசப்பு அவருக்குப் பழகியிருக்க வேண்டும்.