புடாபெஸ்ட் காம்பிட்: திருகோணமலையிலிருந்து ஒரு புதுப்பிப்பு

சதுரங்கத்தில் ராணிச் சிப்பாயை டி4-க்கு நகர்த்தித் தொடங்குபவர்களுக்கு எதிராகக் கறுப்பில் என்ன ஆடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் புடாபெஸ்ட் காம்பிட் (ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துத் தாக்கும் தொடக்க நகர்வு வரிசை) என்றீர்கள், சிலர் வேண்டாம் என்றீர்கள். ஆடிப் பார்த்துவிட்டேன்.

குதிரை எஃப்6, வெள்ளை சிப்பாய் சி4, உடனே நம் சிப்பாய் இ5. வெள்ளை அதை வெட்டினால் குதிரை ஜி4-க்குப் போகும். 1918-இல் பெர்லினில் விட்மர், அக்காலத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான ரூபின்ஸ்டைனையே வீழ்த்திய திறப்பு இது.

உட்துறைமுக வீதிப் பக்கம் எங்களோடு ஆட வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தத் திறப்பில் வரும் கீனிங்கர் பொறியில் நேராக விழுந்தார். கறுப்பு ராணி இ7-இல், மந்திரி பி4-இல், குதிரை இ5-இல். மந்திரியை ஏ-சிப்பாயால் வெட்டினார். குதிரை டி3-இல் குதித்தது, மேட். இ2 சிப்பாய் நகர்ந்தால் வெள்ளை ராஜா நம் ராணிக்கு நேரே வந்துவிடும் (அதாவது அது கட்டுண்டிருக்கிறது) என்பதால் குதிரையை வெட்ட முடியாது. "தம்பி, இதெல்லாம் எங்க படிச்சனீர்?" என்று சிரித்தார். அடுத்த முறை வெட்டவில்லை, அமைதியாக இ3 வைத்தார். பொறி அதோடு சரி. இரண்டு மந்திரிகளோடு அவர் நிலைதான் கொஞ்சம் நல்லது, ஆனாலும் ஆடக்கூடிய நிலை.

உண்மையான தொல்லை வேறு. இங்கே பாதிப்பேர் வெள்ளையில் லண்டன் முறை என்ற திறப்பை ஆடுபவர்கள். சி4 வராமல் இரண்டாம் நகர்விலேயே மந்திரியை எஃப்4-இல் வைத்துவிட்டால் புடாபெஸ்ட்டுக்கு இடமே இல்லை; இ5 என்றால் சிப்பாய் சும்மா போகும். அவர்களுக்கு இப்போது சி5 ஆடிப் பார்க்கிறேன். அதில் அனுபவமுள்ளவர்கள் வரிசையைச் சொல்லுங்கள்.