நேர்சரியில ஜெல் போத்தல் வைச்சும் அடினோ வைரஸ் பரவுறது ஏன்?

திருகோணமலை உப்புவெளி ரீச்சர்
3, 4 வயசுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, கண் சிவப்பு. ரெண்டு பேருக்கு வயித்தாலையும் போகுது. அடினோ வைரஸா இருக்கும் எண்டு டொக்டர் சொன்னவராம். வாசலில ஹாண்ட் ஜெல் வைச்சும் நிக்குதில்லை. பிள்ளைகளை எத்தனை நாள் வீட்டில மறிக்கிறது?

சுகாதாரப் பக்கம்
ரீச்சர், ஜெல்லை நம்பாதேங்கோ. கொரோனா வைரசுக்கு மேல கொழுப்பு உறை இருக்கு, அற்ககோல் அதைக் கரைக்கும். அடினோவுக்கு அது இல்லை, வெறும் புரதக் கோதுதான். சவர்க்காரம் போட்டு 20 செக்கன் தேய்ச்சு, ஊத்துற தண்ணியில கழுவோணும். ஒரே பேசினுக்குள்ள எல்லாரும் கை விடுறது கழுவுறதில்லை. பைப் இல்லாட்டி கோப்பையால ஊத்துங்கோ. பொதுத் துவாயை இண்டைக்கே எடுங்கோ. கண்ணுக்குப் பரவுறது அதாலயும்தான்.

விளையாட்டுச் சாமான், கதவுக் கைபிடிக்கு: 5 வீதப் புளீச் 20 மில்லி, தண்ணி 1 லீற்றர். அழுக்கை முதல்ல கழுவாட்டிப் புளீச் அழுக்கோடயே செலவழிஞ்சு போகும். 10 நிமிசம் ஈரமா விட்டுக் கழுவுங்கோ. அண்டண்டைக்குக் கலவுங்கோ. டொய்லெட் அசிட்டோட சேர்ந்தா நச்சு வாயு வரும், கவனம்.

காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம், வயித்தோட்டம் நிண்டு 48 மணித்தியாலம் மறியுங்கோ. மலத்தில வைரஸ் கிழமைக்கணக்கா வரும்; பம்பர்ஸ் மாத்துறவை அதுக்குப் பிறகும் கை கழுவோணும்.

பார்மசி அண்ணா
அன்டிபயோட்டிக் இதுக்குக் கேக்காது. பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில 120 உள்ள சிரப் எண்டா 7.5 மில்லி. ட்ரொப்ஸ் வேற செறிவு, லேபலைப் பாருங்கோ.

வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புச்சீனித் தூள் ஜீவனி; அந்தப் பக்கெற்றைப் பாதி பாதியா கிளாசில கரைக்கிறவை கனபேர். உப்பின்ர அளவு பிழைச்சுப் போகும். முழுப் பக்கெற், கொதிச்சாறின தண்ணி 1 லீற்றர், 24 மணித்தியாலத்தில மிச்சத்தை ஊத்துங்கோ. சத்தி எடுத்தா 10 நிமிசம் பொறுத்து, தேக்கரண்டி தேக்கரண்டியா குடுங்கோ.

வார்ட் தாதி
ஒண்டு விடுபட்டுப்போச்சு. திருகோணமலையில காய்ச்சல் எண்டா டெங்குவையும் நினைக்கோணும். ஐபுபுரூபன் எண்ட காய்ச்சல் மருந்து குடுக்கக் கூடாது, டெங்குவா இருந்தா ரத்தப்போக்கைக் கூட்டும். 3ஆம் நாளும் காய்ச்சல் விடாட்டி ரத்தம் பாக்கக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. அடினோக் காய்ச்சலும் 5, 7 நாள் இழுக்கும், பார்வைக்குப் பிரிச்சுச் சொல்லேலாது.

6 மணித்தியாலமா சலம் போகாட்டி, நெஞ்சுக்குழி உள்ள இழுத்தா, இல்லாட்டி விட்டு விட்டுக் காலை மடக்கி அழுது, ரத்தமும் சளியுமா மலம் போனா, நேரா ஆசுப்பத்திரிதான். கடைசியாச் சொன்னது குடல் குடலுக்குள்ள சொருகிற வருத்தம்; அடினோவுக்குப் பிறகும் வரும்.