எரிந்த ஏட்டின் ஆவியை ஊடுருவிகள் நம்புவார்களா?

கொக்குவிலான்:
கணினி ஊடுருவிகளை வைத்து ஒரு அமானுஷ்ய அறிவியல் புதினம் எழுதிவருகிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகை அறை எடுத்து, பிறருடைய வழங்கிகளுக்குள் (சேர்வர்களுக்குள்) புகுந்து விளையாடும் மூன்று இளைஞர்கள், 1981இல் யாழ் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த ஏட்டுச் சுவடி ஒன்றின் பாடல்கள் தங்கள் கணினியிலேயே கோப்பாகக் கிடப்பதைக் காண்கிறார்கள். கோப்பின் நேரமுத்திரை 360181800. 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணினால், எங்கள் நேரப்படி 1981 ஜூன் 1 பிறக்கின்ற நள்ளிரவு. வாசகர் நடுங்க வேண்டிய இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வருகிறது. எங்கே பிழைத்தேன்?

இரவுக்கடமை:
நேரமுத்திரையில்தான். 'டச்' என்ற கட்டளையால் கோப்பின் திருத்த நேரத்தை எவரும் மாற்றலாம் என்பதால், உங்கள் மூவரும் பயப்படமாட்டார்கள். தங்களுக்குள் யார் பகிடி விட்டது என்றுதான் தேடுவார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்பின் விபரங்கள் மாறிய நேரம் தனியாகப் பதிவாகும். அதை அந்தக் கட்டளையால் பின்தள்ள முடியாது. அதுவும் 1981ஐக் காட்டட்டும். பொலிஸிடமும் போகமுடியாது, இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி முதலில் அகப்படுவது அவர்களே.

ஓலைக்கட்டு:
தம்பி, திகதியை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். அம்மப்பாவின் பரியாரி ஏடுகள் சில என்னிடம் உள்ளன. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே குத்தவில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு என்பதால், காகமா கரகமா என்று இடம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். (ஒரு கசாயக் குறிப்போடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.) உங்கள் கோப்பு இன்றைய கணினி எழுத்துமுறையான யூனிக்கோட்டில் இருந்தும் அதில் ஒரு புள்ளிகூட இல்லையென்றால், எழுதியது விசைப்பலகையில் பழகிய கை அல்ல என்று அவர்களுக்கே உறைக்கும்.

இரவுக்கடமை:
ஐயா சொன்னதே சரி. புள்ளிகளை எண்ண நாலு வரி நிரல் போதும்; விடையாகப் பூச்சியம் வந்து நிற்கட்டும். நான் சொன்ன நேரக்கணக்கை ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

கொக்குவிலான்:
இருவருக்கும் நன்றி. அத்தியாயத்தை இன்றிரவே மாற்றி எழுதிவிட்டேன். பூச்சியத்தைப் பார்த்த பிறகும் மூத்தவன் சிரிக்கிறான். இளையவன் கைபேசியை எடுத்து, வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு வழக்கம்போல் ஒரு செய்தி தட்டுகிறான். திரையில் விழுவது: 'சாபபிடடன அமமா.'