தோட்ட ரோட்டுக்கு காசு எங்க கேக்கிறது?

மேல்டிவிசன்:
ஹட்டன் பக்கத் தோட்டம். மெயின் ரோட்டிலிருந்து மேல் டிவிசன் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுங்க) 1.8 கிலோமீட்டர், பூரா குழி. பிரதேச சபை "அது கம்பனி ரோடு"ங்குது. தோட்டத்துல "கொழுந்து லொறி போகுதுதானே"ங்கிறாங்க. அதிவேகப் பாதைக்குக் கொட்டுற காசுல கொஞ்சம் இங்க திருப்ப முடியாதா? யாருக்கு எழுதணும், எவ்வளவு கேக்கணும்?

கோப்புக்கட்டு:
அதிவேகப் பாதைக் காசை விடுங்க. மத்திய அதிவேகப் பாதையோட கடவத்தை–மீரிகம பகுதி சீன எக்சிம் வங்கிக் கடன். அந்த வேலைக்குன்னே வந்த காசு, லயத்து ரோட்டுக்குத் திரும்பாது.

ஏ, பி தரப் பெரிய வீதிங்க, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தரம் மாகாணத்துக்கு. மிச்சம் உள்ளூராட்சிக்கு. தோட்ட ரோடு இதுல எதுலயும் சேராது, அதான் பந்து அங்கயும் இங்கயும் உருளுது. 1987ம் ஆண்டு 15ம் இலக்க பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள்ள செலவு பண்ணத் தடையா இருந்துச்சு; 2018 திருத்தத்துக்கு அப்புறம் அந்தச் சாக்கு செல்லாது. ஆனா காணி கம்பனி குத்தகையில இருக்கிறதால, ஆட்சேபனை இல்லைன்னு முகாமையாளரோட கடிதம் இல்லாம கோப்பு நகராது. முதல்ல அதை வாங்குங்க. பிறகு எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைங்கன்னு கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தின பட்டியல். ரெண்டையும் சேர்த்து சபைக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் குடுங்க, அடுத்த வருச பட்ஜட் தயாராகுறதுக்கு முன்னாடி, செப்டெம்பருக்குள்ள. பதில் வரலன்னா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் சட்டத்துல கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்.

மட்டப்பலகை:
1.8 கிலோமீட்டரும் கேட்டா எஸ்டிமேட்டைப் பார்த்தே மூடி வச்சிருவாங்க. கானும் (தண்ணி ஓடுற வாய்க்கால்) மதகும் முதல்ல, ஏத்த வளைவுக்கு மட்டும் கொங்கிரீட், மட்டமான இடத்துக்கு கிரவல் போட்டு ரோலர். மலை ரோட்டை உடைக்கிறது லொறி இல்லை, தண்ணி.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 5 அங்குலம் கனம்னா ஏறக்குறைய 38 கனமீட்டர். 1:2:4 கலவைக்கு (சீமெந்து, மணல், கல்லு) சீமெந்து ஏறக்குறைய 240 மூட்டை, மணல் 6 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), கல்லு 12 கியூப். களவு நடக்கிறது நடுவுல: ஓரத்துப் பலகை 5 அங்குலம் காட்டும், நடுவுல மண்ணை மேடாக்கி 3 அங்குலம்தான் ஊத்துவாங்க. ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பலகைக்கும் குறுக்க கயிறு இழுத்து, நடுவுல அளந்து பாருங்க.

ஏத்தத்துல கீழிருந்து மேலா ஊத்தணும். கலவைல தண்ணி கூடினா சரிஞ்சு ஓடிரும். சரிவு மலைப் பக்கக் கானை நோக்கி, 3 மீட்டருக்கு 8 சென்டிமீட்டர். பள்ளத்துப் பக்கம் சரிச்சா தண்ணி ஓரத்து மண்ணை அரிச்சு, ரோடு அந்தரத்துல தொங்கும். மதகுக்கு 2 அடி விட்டத்துக்குக் குறைஞ்ச ஹியூம் குழாய் (கொங்கிரீட் குழாய்) வேண்டாம், கவ்வாத்துக் குப்பையும் (தேயிலைச் செடி வெட்டின கிளை) மண்ணும் ஒரே மழையில அடைச்சிரும். ஊத்தின கொங்கிரீட் மேல ஈரச் சாக்கு 7 நாள், லொறி 28 நாளைக்கு அப்புறம்.

கோப்புக்கட்டு:
இன்னொண்ணு. பல நேரம் காசு ஒக்டோபர்லதான் கைக்கு வரும், டிசம்பர் 31க்குள்ள முடிக்கலன்னா திறைசேரிக்குத் திரும்பிடும். அதனால நல்ல மழையில கொங்கிரீட் ஊத்துறாங்க. மேல்தோல் கழுவிப்போய் ரெண்டு வருசத்துல கல்லு பல்லிளிக்கும். ஊத்துறது ஜனவரி–மார்ச்சுல நடக்கிற மாதிரி எஸ்டிமேட்டை முந்தின வருசமே முடிச்சு வைக்கச் சொல்லுங்க.

கண்டிச்சந்தி:
எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லை. 2025 நவம்பர் டித்வா புயல்ல நுவரெலியா, கண்டி, பதுளைன்னு பெரிய வீதிகளே மண்சரிவுல மூடிக்கிச்சு. அது அடைஞ்சா உங்க புது ரோட்டுல இறங்கி எங்க போவீங்க? என் கணக்குல ஏ, பி வீதிகளோட மேட்டுச்சரிவுக் கானும் தாங்குசுவரும் முதல்ல, தோட்ட ரோடு அடுத்து.

மட்டப்பலகை:
ரெண்டுக்கும் காசு வேற வேற பையில இருந்து வருது, ஒண்ணை நிறுத்தினா மத்ததுக்கு வராது. ஆனா தோட்டத்துக் கான் தண்ணி மெயின் ரோட்டு மேட்டுச்சரிவுலதான் விழுதுன்னா, அதையே மனுவுல முதல் வரியா போடுங்க.

மேல்டிவிசன்:
நன்றி. ஏத்த வளைவு மூணு, மொத்தம் 240 மீட்டர். அப்ப சீமெந்து 576 மூட்டையா?

மட்டப்பலகை:
600ன்னு போடுங்க, சேதாரம் இருக்கு. மதகு எத்தனைன்னு மழை பெய்யிற அன்னிக்கே நடந்து எண்ணுங்க.